முழங்கை வந்த படம்

தங்கபுஷ்பம் ஏற்கெனவே ஒருமுறை பத்திரிகையில் வந்தவள். அவள் என்றால் அவளுடைய வலது முழங்கை. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து தி.நகருக்கு வந்து ஒரு பெரிய ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்திருந்த காலம் அது. கடை புதுக் கட்டடம் திறந்த அன்று முதலாளி குடும்பத்தார் நடுவில் நிற்க, பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி சீருடைச் சேலையில் பின்னால் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். மறுநாள் பேப்பரில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, தங்கபுஷ்பத்தின் முழங்கையும் அதற்குக் கீழே கொஞ்சம் கண்ணாடி வளையலும் மட்டும் தப்பியிருந்தன.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் பேப்பரைப் பத்திரமாக எடுத்துப் போனாள். "இதுல நீ எங்கட்டி இருக்க?" என்று அம்மா கேட்டாள். வளையலைத் தொட்டுக் காட்டினாள். வீடே சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அன்றைக்குச் சுருக்கென்றதை இன்றுவரை அவள் மறக்கவில்லை, மறந்ததாக நடிக்கவும் இல்லை.

இப்போது அவளுக்குச் சொந்தமாக ஒரு மேட்சிங் சென்டர் இருக்கிறது. உஸ்மான் சாலையிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் தொடங்கிய கடை. அதே பெரிய கடையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்த சுயம்புலிங்கத்தைக் கட்டிக்கொண்டு, இருவருமாக வேலையை விட்டு வந்து ஆரம்பித்தார்கள். படிக்கட்டின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, இன்று அந்தத் தரைத்தளத்தில் பாதி அவர்களுடையது.

சேலையை ஊரில் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். அதற்கு ஜாக்கெட் துணி தேடும்போதுதான் ஒரு பெண்ணுக்குப் பொறுமை எவ்வளவு என்று தெரியும். தங்கபுஷ்பத்தின் கடையில் வாடிக்கையாளர் சேலையை விரித்ததும் அலமாரியிலிருந்து மூன்று நான்கு துண்டுகள் இறங்கும். உடனே யாரும் பில் போட மாட்டார்கள். துணியையும் சேலையையும் கையில் எடுத்துக்கொண்டு விற்பனைப் பெண் வாடிக்கையாளரை வாசலுக்கு அழைத்துப் போவாள். டியூப்லைட்டில் ஒட்டியது போலிருக்கும் நிறம் வெயிலில் வேறாகிவிடும். அந்தச் சந்தில் எந்நேரமும் இரண்டு பேர் துணியை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். வெளிச்சத்திலும் ஒட்டவில்லை என்றால், "இதுக்கு எங்ககிட்ட இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். பக்கத்து நிறத்தைத் தலையில் கட்டுகிற பெண் அந்தக் கடையில் ஒரு வாரம் தாங்க மாட்டாள்.

அடையாறில் இரண்டாவது கடை திறப்பது என்று முடிவானது. மகள் தாரணி அதைப் பார்த்துக்கொள்வாள். தங்கபுஷ்பத்துக்குக் கடையைப் பற்றிக் கவலை இல்லை. அவளுடைய கவலை வேறு.

"ஏட்டி, இந்தத் தடவ பேப்பர்ல வரணும்" என்றாள் மகளிடம். "விளம்பரமா இல்ல. காசு குடுத்தா யாரு மூஞ்சி வேணும்னாலும் வரும். செய்தியா வரணும். என் மூஞ்சி முழுசா வரணும்."

பேப்பருக்குச் செய்தி அனுப்புவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. தி.நகர் கடையைப் பெரிதாக்கியபோது சுயம்புலிங்கமே உட்கார்ந்து எழுதினார். அவர் அறிந்த எழுத்து ஒன்றே ஒன்று, கல்யாணப் பத்திரிகை. "பேரன்புடையீர்" என்று தொடங்கி, சுபமுகூர்த்தம் போட்டு, பெரியப்பா, சித்தப்பா, மைத்துனர்கள், சம்பந்தி வீட்டார் என்று வயது வரிசை பிசகாமல் எல்லாப் பெயரையும் எழுதி, கடையின் முகவரியைக் கடைசியில் ஒரு மூலையில் ஒதுக்கினார். அதோடு விட்டாரா? அழைக்கிற முறை என்று ஒன்று இருக்கிறதே. வெற்றிலை, பாக்கு, பழம், சீனிமிட்டாயுடன் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பத்திரிகை அலுவலகமாகப் படியேறினார். தட்டை எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். செய்தி எதிலும் வரவில்லை. ஒரு பத்திரிகை அலுவலகத்தின் காவலாளி மட்டும் குடும்பத்தோடு திறப்பு விழாவுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"அந்த மனுஷன் ஒருத்தராவது வந்தாருல்லா" என்று சுயம்புலிங்கம் இன்றும் விட்டுக்கொடுக்காமல் சொல்வார்.

ஆகவே இந்த முறை எழுதத் தெரிந்த ஆளை வைத்துக்கொள்வது என்று தீர்மானம். முதலில் வந்தவர் பாலகணேஷ். வடபழனியில் சினிமா விளம்பரங்களுக்கு வாசகம் எழுதுகிறவர். வந்த வேகத்தில் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார், காபி குடித்தார், அங்கேயே செல்போனில் தட்டித் தள்ளிவிட்டார்.

"கேளுங்கம்மா. வண்ணங்களின் பேரரசி. நிறங்களின் நிரந்தர முகவரி. அடையாறே அண்ணாந்து பார்க்கும் அதிசயம். எப்டி கீது?"

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றாள் தங்கபுஷ்பம். "ஆனா இதுல என் கடை எங்க இருக்கு?"

"இன்னாம்மா இப்டி கேக்கறீங்க. பேரரசியே நீங்கதானே."

"இத அப்படியே ஒரு பெயிண்ட் கடைக்கும் போட்டுக்கிடலாமே."

பாலகணேஷ் கோபித்துக்கொள்ளவில்லை. "போட்டுக்கலாந்தான்" என்று ஒப்புக்கொண்டு, மனைவியின் சேலைக்கு ஒரு ஜாக்கெட் துணி வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்ததாகத் தாரணி விசாரித்துப் பிடித்தவர் மயிலாப்பூர் நீரஜா. ஒரு நாளிதழில் நெடுங்காலம் உதவி ஆசிரியராக இருந்தவர். அந்த வேலையை விட்டபின் வீட்டிலிருந்தபடியே கம்பெனிகளுக்குச் செய்திக்குறிப்பு எழுதித் தருகிறவர். கடைக்குள் அவர் காலை வைத்ததும் தங்கபுஷ்பம் அவரை உற்றுப் பார்த்தாள். முகம் நினைவில்லை. ஆனால் அவளுக்கு எப்போதும் முகத்துக்கு முன்னால் சேலைதான் நினைவுக்கு வரும்.

"நீங்க கத்திரிப்பூ கலர் பட்டு ஒண்ணு கொண்டாந்தீங்கல்லா? பார்டர்ல மாம்பிஞ்சு வச்சது."

நீரஜா திகைத்துப் போனார். "ஆமாம். அது நாலஞ்சு வருஷம் இருக்குமே. நீங்கதான் மேட்ச் இல்லன்னு திருப்பி அனுப்பிச்சேள்."

"கெடச்சுதா அப்புறம்?"

"இன்னும் தேடிண்டுதான் இருக்கேன்."

இந்தப் பேச்சிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் கடையில் ஒரு பெண்ணைச் சேர்க்கும்போது கேட்கிற கேள்வியைக் கேட்காமல் தங்கபுஷ்பத்தால் யாரையும் வேலைக்கு வைக்க முடியாது. "இந்த வேலையில உங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

"பேப்பர் ஆஃபீஸ்ல தினம் இந்த மாதிரி செய்திக்குறிப்பு குவியும். அதையெல்லாம் படிச்சுக் குப்பையில போடறதுதான் என் வேலையா இருந்தது" என்றார் நீரஜா. "எதைப் போடுவா, எதைப் போட மாட்டான்னு எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு. வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு நாள் முழுக்க உங்க கடையில உக்காந்து பாக்கணும். செய்தி இருந்தா எழுதறேன். இல்லேன்னா இல்லன்னு சொல்லிடுவேன்."

தங்கபுஷ்பம் சுயம்புலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்தப் பார்வையின் அர்த்தம் அவருக்குப் பாடம். இந்த அம்மா நம்ம கடை ஆளு என்று அர்த்தம்.

நீரஜா சொன்னபடியே ஒரு நாள் வந்து கடைக்குள் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். தங்கபுஷ்பத்துக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. கிளிப்பச்சையிலேயே எத்தனை வகை, அரக்குக்கும் மெரூனுக்கும் என்ன வித்தியாசம், சூரத்திலிருந்து எது வருகிறது, ஈரோட்டிலிருந்து எது வருகிறது என்று அலமாரி அலமாரியாக இறக்கிக் காட்டினாள். நீரஜா எல்லாவற்றையும் பார்த்தார். ஆனால் அவர் கண் அடிக்கடி தரைப் பக்கம் போவதைத் தங்கபுஷ்பம் கவனிக்கவில்லை. நடுவே ஒருமுறை அவர் ரூபீனாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ரூபீனா படிக்கட்டுக் காலத்திலிருந்து கூடவே இருக்கிறவள், கடையின் மூத்த விற்பனைப் பெண்.

இரண்டு நாள் கழித்துத் தாரணியின் போனுக்கு எழுத்து வந்தது. தாரணி அதை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். முதல் வரியைப் படித்ததுமே தங்கபுஷ்பத்தின் முகம் மாறியது.

"தி.நகரில் ஒரு கடையில் வேலையை விட்டுப் போகும் பெண்கள், தாங்கள் உட்கார்ந்து வேலை பார்த்த ஸ்டூலைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்."

அது உண்மைதான். அந்தக் கடையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மர ஸ்டூல் உண்டு. ஆள் வராத கணமெல்லாம் அவள் உட்காரலாம். யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். கடைப் பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது சில வருடங்களுக்கு முன்புதான். இங்கே படிக்கட்டின் அடியில் முதல் நாள் பூஜைக்கே ஸ்டூல் வந்துவிட்டது. கல்யாணமாகியோ வேறு வேலை கிடைத்தோ போகிற பெண் தன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போவாள், தங்கபுஷ்பம் புதிதாக ஒன்று செய்யச் சொல்வாள். சோற்றில் உப்புப் போடுவது போல அந்தக் கடையில் அது நடந்துகொண்டிருந்தது. அதைப் போய் யாராவது எழுதுவார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

மேலே படித்தாள். வயிற்றில் தாரணி இருந்தபோது அவள் பெரிய கடையில் மாதக் கணக்கில் நின்றுகொண்டே வேலை பார்த்ததும், ஒருநாள் தாங்க முடியாமல் வாடிக்கையாளருக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்ததும், மேற்பார்வையாளர் அந்த நாற்காலியை அவள் கண்ணெதிரே வேறு மாடிக்குத் தூக்கிப் போகச் சொன்னதும் அதில் இருந்தன. அந்தப் பெரிய கடையின் பெயர் எங்கும் இல்லை. ரூபீனாதான் சொல்லியிருக்க வேண்டும். நிறங்களைப் பற்றி ஒரே ஒரு வரி. மைத்துனர்களைப் பற்றி அதுவும் இல்லை.

உடனே நீரஜாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், நான் கலரு கலரா சேத்து வச்சிருக்கேன். நீங்க என் காலப் பத்தி எழுதியிருக்கீங்க."

"ஆமாம்."

"ஊருல நாலு பேரு படிச்சா, பாவம் பொம்பளன்னு இரக்கப்படுவாவ. நான் இரக்கம் வாங்கவா கடை வச்சேன்?"

"ஒரு இடத்துலயாவது பாவம்னு எழுதியிருக்கேனா? பாத்துச் சொல்லுங்கோ."

தங்கபுஷ்பம் பார்த்தாள். இல்லை.

"கலர் எல்லாக் கடையிலயும் இருக்கு" என்றார் நீரஜா. "அன்னிக்கு என் கத்திரிப்பூப் புடவைக்குப் பக்கத்துக் கலர் ஒண்ணைக் குடுத்து நீங்க அனுப்பியிருக்கலாம். பண்ணலை. நானும் உங்களுக்குப் பக்கத்துச் செய்தியைக் குடுக்க மாட்டேன். உங்க கடை, மாத்தணும்னா மாத்தித் தரேன். ஆனா அது குப்பைக்குத்தான் போகும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

தங்கபுஷ்பத்துக்குக் கோபம் வந்தது. தன் கடைச் சட்டமே தன்மேல் திரும்பி வந்த கோபம் அது. அதற்கு மருந்து கிடையாது. யோசித்துச் சொல்லுதேன் என்று போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எதையும் ஒருமுறை வெயிலில் பார்த்துவிடுகிற பழக்கம். துணியை வைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேருக்கு நடுவில் நின்று மறுபடி முதலிலிருந்து படித்தாள். இந்த முறை அவளுக்கு நாற்காலி கண்ணில் படவில்லை. கடையை விட்டுப் போன பெண்கள்தான் தெரிந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஸ்டூலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பஸ்ஸில் எப்படி ஏற்றுவது என்று சிரித்தபடி சந்தைக் கடந்து போன காட்சி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக் பக்கத்தில் கைக்கெட்டிய துண்டுத் துணி விற்பனைக்குரியது என்பதால் முந்தானையையே எடுத்துக்கொண்டாள்.

உள்ளே வந்து தாளை ரூபீனாவிடம் நீட்டினாள். "சத்தமா படி. எல்லாரும் கேளுங்க."

ரூபீனா படித்தாள். மேல் அலமாரிப் பக்கம் உட்கார்ந்திருந்த தாரணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இத நீ எங்கிட்டகூடச் சொன்னதில்லயேம்மா."

"சொல்ல என்ன இருக்கு. நீதான் உள்ள உக்காந்திருந்தியே."

பெண்கள் சிரித்தார்கள். ரூபீனா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "நான்தாங்கா சொன்னேன், திட்னும்னா திட்டிக்க. ஆனா இதுதாங்கா நம்ம கடை. அந்த சினிமாக்காரர் எய்தனது நம்ம கடையில்ல."

அன்று மாலையே நீரஜாவுக்கு மறுபடி போன் போனது. "அப்படியே அனுப்பிருங்க மேடம். ஒரு எழுத்து மாத்தாண்டாம். ரூபீனா பேர மட்டும் எங்கயாவது சேத்துருங்க."

சுயம்புலிங்கத்துக்குத்தான் மனம் ஆறவில்லை. மைத்துனர்களில் மூத்தவர் பெயரையாவது போட்டிருக்கலாம் என்பது அவர் கட்சி. கடைசியில் தனியாகத் திறப்பு விழா அழைப்பிதழ் அடித்து எல்லோர் பெயரையும் வரிசை பிசகாமல் போட்டுக்கொண்டார். தாம்பூலத் தட்டும் வீணாகவில்லை. அதை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்குப் போய் நீரஜாவை முறையாக அழைத்துவிட்டு வந்தார்.

செய்திக்குறிப்பு போன மறுநாளே ஒரு நாளிதழிலிருந்து அழைத்தார்கள். திறப்பு நாளன்று அடையாறு கடைக்கு நிருபரும் புகைப்படக்காரரும் வந்தார்கள். தங்கபுஷ்பம் அன்று அரக்கு நிறப் பட்டு உடுத்தியிருந்தாள். ஜாக்கெட் துணியை அவளே வெயிலில் மூன்றுமுறை பார்த்து எடுத்திருந்தாள். பெண்கள் எல்லோரையும் புது ஸ்டூல்களில் உட்கார வைத்து, நடுவில் ஒரு ஸ்டூலை அவளுக்குப் போட்டார் புகைப்படக்காரர். அவள் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண்மணி சேலைப் பையோடு வந்து நின்றாள். "கடை திறந்தாச்சா? மயில்கழுத்துப் பச்சைக்கு ஒரு பிட் வேணும்."

முதல் போணி. திறந்த கடையில் முதலில் வந்தவளைக் காக்க வைப்பது என்பது அந்தக் குடும்பத்தில் நடக்காத காரியம். தங்கபுஷ்பம் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள்.

"அம்மா, நீங்கதான் மெயின். உக்காருங்க" என்றார் புகைப்படக்காரர்.

"ஒரு நிமிஷம் தம்பி. போணி."

அவள் அலமாரியிலிருந்து துணியை உருவி, வாசல் ஓரத்துக்குப் போய் அந்தப் பெண்மணியின் சேலைமேல் வைத்து வெயிலுக்கு நீட்டினாள். முதலாளி படத்தை விட்டு எழுந்து ஓடியதைப் பார்த்து ஸ்டூல்களில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். புகைப்படக்காரர் அதையும் எடுத்தார். அப்புறம் அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஒழுங்காகச் சில படங்கள் எடுத்தார்.

மறுநாள் சுயம்புலிங்கம் விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தார். "நிற்க வைக்காத கடை" என்று தலைப்பு. முதல் வரி நீரஜா எழுதியது அப்படியே. தங்கபுஷ்பத்தின் பெயர் இரண்டாம் வரியிலேயே, ரூபீனாவின் பெயர் கொஞ்சம் கீழே. படம் அகலமாக வந்திருந்தது. ரூபீனாவும் மற்றப் பெண்களும் ஸ்டூல்களில் உட்கார்ந்து வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. படத்தின் ஓரத்தில், வெட்டுப்பட்டது போக மிஞ்சியபடி, ஒரு முழங்கை. கையில் மயில்கழுத்துப் பச்சை.

சுயம்புலிங்கம் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெல்லத் திரும்பிப் பார்த்தால் அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று பதறிப் போய் அருகில் போனார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

நீரஜா போன் செய்தார். "என் முதல் வரியில ஒரு வார்த்தையைக்கூட எடிட்டிங் டெஸ்க்ல மாத்தலை" என்றார். அவர் குரலில் இருந்தது இன்னதென்று தங்கபுஷ்பத்துக்கு நன்றாகத் தெரியும். ஒட்டவே ஒட்டாது என்று நினைத்த சேலைக்குத் துணி ஒட்டும்போது அவள் குரலிலும் அதுதான் இருக்கும்.

"உங்க பேரு எங்க மேடம்? தேடிப் பாத்துட்டேன்."

"எழுதித் தர்றவா பேரெல்லாம் வராது, தங்கபுஷ்பம்."

"எனக்காவது முழங்கை வந்திருக்கு" என்றாள் தங்கபுஷ்பம். அந்தப் பக்கம் நீரஜா சிரிப்பை நிறுத்தக் கொஞ்ச நேரமாயிற்று.

பகலில் பூஜா அழைத்தாள். கல்யாணமாகிப் போன பெண், ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனவர்களில் கடைசி. அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் மாமியாருக்குச் செய்தியைப் படித்துக் காட்டினாளாம். மாமியார் எழுந்து வந்து ஸ்டூலைத் தடவிப் பார்த்தாராம்.

அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அடையாறு கடையில் பில் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். பழைய கேள்விதான். தங்கபுஷ்பம் எழுந்து, சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, தன் கையை அந்தப் படத்தின் ஓரத்துக்கு நேராக நீட்டிக் காட்டுகிறாள்.

"இந்தா, இதுதான் நான். அத விடுங்க. எங்க பிள்ளைகளப் பாருங்க, எல்லாரும் உக்காந்திருக்காவ."